தூக்குமுன் தாங்குக

உலகில் தீமை விளைப்போர் யாவரும் தீய எண்ணம் உடையவரல்லர். நல்லெண்ணத்தோடு தொடங்கிய செயலும், முறை தவறிச் செய்யப்படுமாயின், தீமையாய் முடிதல் உண்டு. இவ்வுண்மைக்கு நம் நாட்டுச் சாலைகளில் நாடோறும் காணப்படும் சான்று ஒன்றை எடுத்துக் காட்டி, அதனைக் குறித்து நமது கலாசாலையார் செய்யத்தக்கது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விபத்தில் அடிபட்டு வீழ்ந்தவரை மருத்துவமனை கொண்டு சேர்க்கும்வரை, அவருடைய முதுகெலும்பையும் முறிந்த கை கால்களையும் அசையாமற் காத்தல் வேண்டும். அங்ஙனம் காக்கும் முறையை மருத்துவர் மட்டுமன்றி நாம் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் வேண்டும் என்பதே யான் ஈண்டு வற்புறுத்தக் கருதும் பொருள்.

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், தொழுப்பேடு முதலிய நிலையங்களைக் கடந்து, திண்டிவனத்தை அடையுமுன் ஒலக்கூரைத் தொடும். ஜி.எஸ்.டி. ரோடு என்று வழங்கும் தென்னாட்டுப் பெருஞ்சாலையும் அப்பக்கமாகவே செல்கின்றது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் அவ்வட்டாரத்தில், வயலுக்குப் போவோரும், பள்ளிக்குப் போவோரும், பால் கொண்டு போவோரும் அச்சாலையைக் கடந்தே தீரவேண்டும். இரவு பகல் ஓயாது விரையும் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஒலக்கூர் என்பது வழியில் தோன்றி மறையும் ஒரு பெயர்ப்பலகை. அவ்வட்டாரத்தாருக்கோ அச்சாலை வீட்டு வாசற்படி. வாசற்படியில் மரணம் நின்றுகொண்டிருக்குமாயின் வீட்டார் எவ்வளவு விழிப்பாய் இருத்தல் வேண்டும்! தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றுள் 17,884 பேர் மாண்டனர். இந்தியா முழுவதிலும் அவ்வாண்டு மாண்டோர் தொகை 1,68,491. இவை மாண்டோர் கணக்கு. மாளாது பிழைத்து, கை கால் முடங்கி, பிறர் தயவில் நாள் கழிப்போர் கணக்கு இதில் அடங்காது.

இத்தகைய சாலையில் ஒருவர் இரு சக்கர வண்டியினின்று தூக்கி எறியப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிஷமே தேநீர்க் கடையிலிருந்தும், பஞ்சர் கடையிலிருந்தும், வயல் வரப்பிலிருந்தும் ஜனங்கள் ஓடி வருவர். இது நம் நாட்டாரின் தலைசிறந்த குணங்களுள் ஒன்று. ஆனால் வந்தவர் செய்வது என்ன? ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். மற்றொருவர் இரு கால்களையும் பற்றுவார். நடு உடல் தொட்டிற்சேலை போலத் தொய்யும். தலை பின்னோக்கித் தொங்கும். வேறொருவர் முகத்தில் நீர் தெளித்து, வாயிலும் சிறிது ஊற்றுவார். பின்னர் ஆட்டோ ஒன்றின் குறுகிய இருக்கையில் அவரை மடக்கி உட்கார்த்தி, இருபுறமும் இருவர் நெருங்கி அமர்ந்து, "சீக்கிரம் போ, அண்ணா" என்று ஓட்டுபவரை முடுக்குவர். மேடு பள்ளம் வருந்தோறும் தலை மார்பில் இடிக்கும். முறிந்த கால் ஆடும். இவ்வளவும் அன்பினால் செய்யப்படுவன. எனினும் வண்டி மோதியது முதல் விபத்தாயின், இது இரண்டாம் விபத்து என்று சொல்லத் தகும்.

ஏன் அங்ஙனம் சொல்லவேண்டும் என்பதை அறிய, உடலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5, அதன்கீழ் ஒன்றாய் இணைந்த 5, அடிநுனியில் 4 என 33 சிற்றெலும்புகள் அடுக்கிய அடுக்கே அது. அவ்வடுக்கின் உட்புழையில், ஏறக்குறைய நம் சுண்டுவிரற் பருமனுள்ள தண்டுவடம் இறங்கி வருகின்றது. மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டு செல்வதும், உடலின் உணர்ச்சியை மூளைக்கு எட்டச் செய்வதும் இதுவே. கழுத்துப் பகுதியில் புறப்படும் 3, 4, 5-ஆம் நரம்புகளே மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்குச் செல்வன. அவ்விடம் முற்றும் அறுபடின் மூச்சே நின்றுபோகும். அதற்குச் சிறிது கீழே அறுபடின் கைகளும் கால்களும் செயலறும்; முதுகின் நடுவில் அறுபடின் கால்கள் செயலறும். மோதிய கணத்திலேயே அறுந்துபோன வடத்தை எவராலும் மீட்டல் இயலாது. ஆயின் எலும்பு மட்டும் முறிந்து, வடம் இன்னும் பழுதுறாதிருக்கும் நிலையும் உண்டு. அந்நிலையில் உள்ளவரை மடக்கித் தூக்குவது, உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்கிடையே பட்டு நூலை வைத்து மூட்டையைக் குலுக்குவதை ஒக்கும்.

கை கால் எலும்புகளின் செய்தியும் இத்தன்மையதே. எலும்பு முறிந்தவுடன் அதனைச் சூழ்ந்த தசைகள் இறுகி, முறிந்த இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கின்றன. அம்முனைகள் கத்தி போலக் கூரியன. அசைவு நேருந்தோறும் அவை தசையைக் கிழிக்கும்; இரத்தக் குழாயையும் நரம்பையும் வெட்டும்; தோலையும் துளைத்து வெளிவந்து, மூடிய முறிவைத் திறந்த முறிவாக்கிச் சாலைப் புழுதியை எலும்போடு சேர்க்கும். தொடையெலும்பு முறிந்த ஒருவர், புறத்தே ஒரு துளி இரத்தமும் தோன்றாமலே, தொடையின் உள்ளாக ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் இழத்தல் கூடும். வயது வந்த ஒருவரின் உடலில் உள்ளது ஏறக்குறைய 5 லிட்டரே. ஆகவே காலை அசையாமற் கட்டுதல் வலியைத் தணிக்கும் உபசாரம் மட்டுமன்று. உயிரைக் காக்கும் சிகிச்சையின் முதற்படியே ஆகும்.

இதனை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிவந்த குடும்பம் ஒன்றின் வழிவந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891) என்பார், லிவர்ப்பூல் நகரில் ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்து வந்தார். நோயுற்ற முழங்காலை அசையாது நிறுத்துதற்கென இரும்புக் கம்பியாலும் தோல் வளையத்தாலும் அவர் அமைத்த தப்பை, அவர் வாழ்நாளில் பெரும்புகழ் பெறவில்லை. அவருடைய மருமகர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் அதனைப் போர்க்களத்துக்குக் கொண்டு சேர்த்தார். போரின் தொடக்கத்தில் தொடையெலும்பு முறிந்த வீரருள் நூற்றுக்கு 80 பேர் மாண்டனர் என்று கூறுவர். அவ்வெண் மிகைப்பட்டது எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதினும், மிகப் பலர் மாண்டனர் என்பதில் ஐயமில்லை. 1917-ஆம் ஆண்டு ஆராஸ் போரில், களத்திலேயே தாமஸ் தப்பை பூட்டப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோருள் இறந்தவர் நூற்றுக்கு 16 பேருக்கும் குறைவு. அறுவை முறையும் பிற சிகிச்சைகளும் அப்போது முன்னேறியிருந்தன என்பது உண்மையே. எனினும் பெரும்பங்கு இத்தப்பைக்கு உரியது. இங்கே நாம் சிறப்பாக நோக்கவேண்டுவது, அதனைப் பூட்டியவர் யார் என்பதே. அவர்கள் மருத்துவரல்லர், டோலி தூக்கிய சாமானியச் சிப்பாய்கள். இருளிலும் கை தவறாதிருக்கும்பொருட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டும் பூட்டும்படி அவர்கள் பயிற்றப்பட்டனர். பயிற்சியே அவர்களுடைய பட்டமாயிற்று.

நம் நாட்டாருக்கும் இக்கருத்துப் புதிதன்று. முறிந்த காலுக்கு மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுநாளாக உள்ளது. ஆந்திர நாட்டுப் புத்தூர்க் கட்டை நாடி நம் பக்கத்து மக்கள் திரள்திரளாகச் செல்வதும் யாவரும் அறிந்ததே. எலும்பு அசையாதிருத்தல் வேண்டும் என்னும் மூலக் கொள்கையில் இம்முறைக்கும் நவீன மருத்துவத்துக்கும் மாறுபாடில்லை. ஆனால் கட்டு மிக இறுகி, விரல்கள் குளிர்ந்து வெளிறி மரத்துப்போகவும், "வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று நாளைக் கடத்துவது பெருங்கேடு. இரத்த ஓட்டம் சில மணி நேரம் தடைப்பட்டாலே தசை செத்துவிடும். பிறகு உறுப்பையே களைய நேரிடும். எலும்பு வெளியே தெரியும் காயத்தோடு நாட்டுக் கட்டுக்குச் செல்லுதலும் தகாது. கட்டு என்பது மருத்துவமனைக்குப் போகும் வழித்துணையேயன்றி, மருத்துவமனைக்கு மாற்று ஆகாது.

இனி, வழியின் நீளத்தையும் எண்ணிப் பார்ப்போம். ஒலக்கூர்ப் பக்கத்தில் அடிபட்டவர் முதலில் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படலாம். காயம் கடுமையாயின் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, வடக்கே செங்கல்பட்டுக்கோ அனுப்பப்படுவார். இவ்வழியில் அவர் எத்தனை முறை தூக்கப்படுகின்றார்? சாலையினின்று தூக்குப்படுக்கைக்கு ஒருமுறை, தூக்குப்படுக்கையோடு வண்டிக்குள் ஒருமுறை, வண்டியினின்று மருத்துவமனைத் தள்ளுவண்டிக்கு ஒருமுறை, எக்ஸ்ரே மேசைக்கு ஏற்ற ஒருமுறை, இறக்க ஒருமுறை, அடுத்த ஊருக்குச் செல்லும் வண்டிக்கு ஒருமுறை, அங்குள்ள கட்டிலுக்கு ஒருமுறை. ஆக ஏழு முறை. முதல் தூக்குதலைச் செய்பவர் நாமே. அது முறையாக அமைந்து, "கழுத்தில் அடி இருக்கலாம், பார்த்து எடுங்கள்" என்னும் ஒரு சொல்லும் உடன் செல்லுமாயின், பின்வரும் ஆறும் முறையாக அமைவதற்கு அது வழிகாட்டும். முதலதே கோணினால், ஏழாவதை எத்துணைப் பெரிய நிபுணர் செய்தும் பயன் சிறிதே.

இங்கே ஓர் உண்மையை மறையாது கூறுதல் வேண்டும். முதுகெலும்பைக் காத்தல் என்றவுடன், கழுத்துக்குக் கெட்டியான பட்டையும், உடலை வரிந்து கட்டும் நீண்ட பலகையும் இன்றியமையாதன என்பதே பல ஆண்டுகளாக மேல்நாட்டார் கொண்ட கொள்கை. 1998-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனைக் கேள்விக்கு உள்ளாக்கிற்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், முதுகெலும்பு அடிபட்டுப் பட்டையும் பலகையும் இடப்பெற்று வந்த 334 பேரையும், மலேசியாவின் கோலாலம்பூரில் அவை ஒன்றுமின்றி வந்த 120 பேரையும் அவ்வாராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். நரம்புக் கேட்டால் முடங்கியவர் நியூ மெக்சிகோவில் நூற்றுக்கு 21, கோலாலம்பூரில் 11. இரு நாட்டு விபத்துகளும் ஒரே வகையின அல்ல ஆதலால், பட்டை தீங்கே செய்யும் என்று இதைக்கொண்டு முடிவு கட்டல் ஆகாது. ஆயினும் இறுக்கிக் கட்டுதலால் மூச்சு முட்டுதல், நெடுநேரம் பலகையிற் கிடத்தலால் புண் உண்டாதல், கட்டும் வேலையிலேயே காலம் கழிதல் ஆகிய குறைகள் வெளிப்பட்டன. கத்திக்குத்து முதலியவற்றால் உடல் துளைக்கப்பட்டவரைப் பலகையிற் கட்டத் தாமதித்தால் உயிருக்கே கேடு என்பதும் பிற ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. ஆகவே 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவசர மருத்துவரும் கூடி வெளியிட்ட அறிக்கையில், "அசையாமற் கட்டுதல்" என்னும் பழைய சொல்லை விடுத்து, "அசைவைக் குறைத்தல்" என்னும் சொல்லையே கையாண்டனர். நீண்ட பலகை எடுத்து மாற்றுதற்கு உரிய கருவியேயன்றிப் படுக்கையன்று என்பதே இன்றைய கொள்கை.

இதனை அறிந்தவர் சிலர், "அப்படியாயின் முதுகைக் காப்பதே வேண்டாமோ?" என்று வினவக்கூடும். அது தவறான முடிவு. கருவியில் ஐயம் எழுந்ததேயன்றி, காவலில் ஐயம் எழவில்லை. நமக்கோ இச்செய்தி பெரிதும் ஊக்கமளிப்பது. பட்டையும் பலகையும் இல்லாத ஒலக்கூர்ச் சாலையோரத்திலும், முதுகெலும்புக்கு வேண்டிய காவலின் பெரும்பகுதியை வெறுங்கையாலேயே செய்யலாம் என்பது இதனாற் பெறப்படுகின்றது. கை காலுக்குத் தப்பை வைத்துக் கட்டுக. கழுத்துக்கும் முதுகுக்கும் கட்டைத் தேடி அலையாது, வளையாமற் பிடித்து, மட்டமாகப் படுக்க வைத்துக் காக்க. இவ்வேறுபாடே நினைவிற் கொள்ளத்தக்கது.

செய்யவேண்டுவன பலவல்ல. முதலாவது, பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தி, 108-க்குச் செய்தி சொல்லுதல். இரண்டாவது, மூச்சு நடைபெறுகின்றதா, இரத்தம் பீறிடுகின்றதா என நோக்குதல். பீறிடும் இரத்தத்தைத் துணிகொண்டு அழுத்தி நிறுத்துதலும், மூச்சுக்கு வழி செய்தலும் மற்றெல்லாவற்றுக்கும் முற்பட்டவை. கழுத்தைக் காக்கிறோம் என்று மூச்சை இழக்கவிடலாகாது. மூன்றாவது, உயரத்தினின்று வீழ்ந்தவர், வண்டியினின்று எறியப்பட்டவர், நினைவிழந்தவர், கழுத்து வலி என்போர், கை கால் மரத்தது என்போர் ஆகிய இவர்களுக்கு முதுகெலும்பில் அடி உண்டென்றே கொள்ளுதல். பனைமரத்தினின்று வீழ்ந்தவரும் கிணற்றில் தவறியவரும் இவர்களுள் அடங்குவர். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை இருபுறமும் பற்றி, "தம்பி, தலையை அசைக்காதே, வண்டி வந்துகொண்டிருக்கிறது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருத்தல் வேண்டும். அச்சொல்லும் ஒரு மருந்தே. உட்கார்த்துதலும், நீர் புகட்டுதலும், தலைக்குத் தலையணை வைத்தலும் கூடா. வாந்தி வருமாயின், மூவர் நால்வர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேராக இருக்க, மரக்கட்டையை உருட்டுவது போல் ஒருங்கே ஒருக்களிக்கச் செய்தல் வேண்டும். தலைக்கவசம் மூச்சைத் தடுத்தாலன்றி அதனைக் கழற்றுதல் வேண்டா. தீயோ விரைந்துவரும் வண்டியோ அச்சுறுத்தினாலன்றி, 108 வருமுன் இடம் பெயர்த்தலும் வேண்டா. பெயர்த்தே தீரவேண்டின், தோட்பக்கத்து ஆடையைப் பற்றி, தலையை முன்கைகளுக்கிடையே தாங்கி, உடலின் நீளவாட்டத்திலேயே இழுத்தல் வேண்டும்.

கை கால் முறிவுக்கு, முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதவாறு தப்பை நீண்டிருத்தல் வேண்டும். வளையல், மோதிரம், மெட்டி முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுக. தப்பைக்கும் தோலுக்கும் இடையே மெத்தென்று துணி வைக்க. முறிந்த இடத்தின்மேல் முடிச்சு இடாது, அதன் இருபுறமும் கட்டுக. கோணிய உறுப்பை நேராக்க முயலாது, இருந்த நிலையிலேயே தாங்குக. கட்டுமுன்னும் கட்டிய பின்னும் விரல்களின் நிறத்தையும் சூட்டையும் உணர்ச்சியையும் நோக்குக, வெளிறினால் தளர்த்துக. மூங்கிலும், தென்னை மட்டையும், குடையும் தப்பையாகும். துண்டும் தாவணியும் கட்டாகும். ஒன்றும் கிடையாதாயின், முறிந்த காலை மற்றைக் காலோடும், முறிந்த கையை மார்போடும் சேர்த்துக் கட்டலாம். நீவிர் இப்பொழுது கையில் வைத்திருக்கும் இவ்வாண்டு மலரையே வளைத்து முன்கையின் கீழ் வைத்துக் கட்டினால், அது நல்ல தப்பையாகும். எழுதினவர் எவரும் அதற்காக வருந்தார் என்று உறுதி கூறுவேன். 108 வர இயலாத இடத்தில், ஆட்டோவின் இருக்கையைவிட, ஜனங்கள் "குட்டி யானை" என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியின் மட்டமான தளம் மேலானது.

நம் கலாசாலை ஆலயத்தில் பன்முறை வாசிக்கக் கேட்ட நல்ல சமாரியன் உவமை இங்கே நினைவுக்கு வருகின்றது. எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிக் கடந்ததைக் குறித்தே பிரசங்கிகள் பெரிதும் பேசுவர். சமாரியன் செய்த செயல்களின் வரிசையை நோக்குவார் சிலரே. அவன் முதலில் அருகே வந்தான். பின்பு காயங்களுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். அதன் பின்னரே தன் வாகனத்தில் ஏற்றினான். இறுதியிற் சத்திரத்துச் செலவையும் ஏற்றான். கட்டியது முன், ஏற்றியது பின். நம் நாட்டார் விலகிப் போகும் ஆசாரியர் அல்லர், ஓடிவரும் சமாரியரே. ஆனால் கட்டுமுன் ஏற்றிவிடும் சமாரியர். இவ்வரிசையைத் திருத்துவதொன்றே வேண்டுவது. "பதறாத காரியம் சிதறாது" என்னும் நம் பழமொழியும் இதனையே கூறுகின்றது.

இதற்குத் தடையாகச் சொல்லப்படுவன சில. ஒன்று, போலீசும் கோர்ட்டும் என்னும் அச்சம். இவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் சட்ட வலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வகுக்கப்பெற்ற விதிகளும், நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கு எழாது என்றும், அவர் தம் பெயரைச் சொல்லவும் கட்டாயம் இல்லை என்றும் காப்பளித்துள்ளன. அச்சட்டம் அவரை அழைக்கும் பெயரும் "நல்ல சமாரியன்" என்பதே.

மற்றொன்று, "108 இருக்க நாம் எதற்கு?" என்பது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய அவ்வண்டித் தொண்டு பெரும் புண்ணியம் என்பதில் ஐயமில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், ஒலக்கூருக்கு அணித்தான மேல்மருவத்தூரிலேயே, "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்னும் திட்டமும் தொடங்கப்பெற்று, விபத்துற்றவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது. இவை யாவும் போற்றற்குரியன. ஆயின் வண்டி பறந்து வருவதில்லை. சாலை வழியேதான் வருகின்றது. 48 மணி நேரத்தை அரசு ஏற்றுக்கொண்டது; அதற்கு முந்திய கால் மணி நேரம் யாருடையது? அது அருகில் நிற்பவருடையது. அக்கால் மணியை அவர் வீணாக்கினால், பின்வரும் 48 மணியும் அதன் பழுதைத் திருத்துவதிலேயே கழியும்.

மூன்றாவது தடை, "அரைகுறை அறிவு ஆபத்து" என்பது. இது அறிஞர் கூறும் தடையாதலின் மதித்து விடை கூறத்தக்கது. மேலே சொன்னவற்றை மீண்டும் நோக்குக. தூக்காதே, உட்கார்த்தாதே, நீர் புகட்டாதே, நேராக்காதே என விலக்குகளே அவற்றுட் பெரும்பாலன. செய்யாமையைக் கற்பிப்பதால் யாருக்கும் கேடு வராது. அரைகுறை அறிவோடுகூடத் தூக்குவதை அஞ்சுவோர், அறிவே இன்றித் தூக்குவதை எங்ஙனம் பொறுத்திருக்கின்றனர் என்பது விளங்கவில்லை.

முதுகெலும்பு முறிந்தால் வாழ்வே முடிந்தது என்று எவரும் எண்ணவேண்டா. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளருக்கு அறுவை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்த மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவி, ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கு ஊன்றுகோலானார். இவர்கள் வாழ்வு நமக்கு வணக்கத்துக்குரியது. ஆனால் இவர்களைப் போன்ற மனவலிமையும், இவர்களுக்குக் கிடைத்த துணையும், கூலி வேலை செய்து பிழைக்கும் ஒலக்கூர்க் குடும்பத்தலைவர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் என்று நாம் எதிர்பார்த்தல் நியாயமன்று. சம்பாதிப்பவர் படுத்தால், அவரைப் புரட்டி விடவும், புண் வாராமற் காக்கவும் ஒருவர் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவி. அன்றேல் பள்ளியை விட்டு நிற்கும் மகள். ஒருவர் முதுகெலும்பு ஒரு குடும்பத்தின் முதுகெலும்பு.

ஆகலின் நமது கலாசாலைக்கு யான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும், எப்பாடம் பயில்வோராயினும், ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு பிற்பகல்களை இப்பயிற்சிக்கு அளித்தல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் இதனை நடத்தலாம். ஒரு மீட்டர் சதுரமுள்ள பருத்தித் துணியைக் கோணமாக வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுத்துணிகள் ஆகும். அவற்றுள் ஒரு டஜனும், பஞ்சு சுற்றிய மூங்கில் தப்பைகள் சிலவும் கொண்ட பெட்டி ஒன்று ஒவ்வொரு விடுதியிலும், கலாசாலைப் பேருந்திலும், விளையாட்டு மைதானத்திலும் இருத்தல் வேண்டும். இதற்காகும் செலவு ஓர் ஆண்டு விழாப் பந்தலின் செலவுக்கு ஈடாகாது. பழைய மாணவர்கள் மனம் வைத்தால் ஒரே நாளில் இது கைகூடும்.

அதனோடு நின்றுவிடலாகாது. விபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் வருபவர் பட்டதாரியல்லர். தேநீர்க் கடைக்காரரும், பஞ்சர் ஒட்டுபவரும், ஆட்டோ ஓட்டுபவருமே. பயிற்சி பெற்ற நம் மாணவர், ஒலக்கூர் முதல் திண்டிவனம் வரை உள்ள ஆட்டோ நிறுத்தங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் சென்று, அவர்களுக்குச் சமமாய் அமர்ந்து, தலையைப் பிடிக்கும் முறையையும் தப்பை கட்டும் முறையையும் செய்து காட்டுதல் வேண்டும். அவர்கள் அச்சாலையை நம்மினும் நன்கு அறிந்தவர். எத்திருப்பத்தில் எவ்வகை விபத்து நேரும் என்பதை அவர்களிடமிருந்து நாமும் கற்கலாம். கல்வி என்பது வாங்குவதும் கொடுப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததன்றோ?

மாணவ நண்பர்களே, நம்முள் மருத்துவராவார் சிலர், ஆசிரியராவார் சிலர், அலுவலராவார் பலர். ஆனால் சாலையில் நடவாதார் ஒருவருமில்லை. என்றேனும் ஒருநாள், எங்கேனும் ஓரிடத்தில், ஒருவர் நம் காலடியில் வீழ்ந்து கிடப்பார். அப்பொழுது கூட்டம் "தூக்கு, தூக்கு" என்று கூவும். அக்கூவலுக்கிடையே மண்டியிட்டு அமர்ந்து, "நில்லுங்கள் ஐயா, முதலில் தலையைத் தாங்குவோம்" என்று சொல்லும் ஒருவர் வேண்டும். அவ்வொருவர் நம் கலாசாலையிற் பயின்றவராக இருப்பாராயின், அதனினும் இக்கலாசாலைக்குப் பெருமை வேறு யாது?